டொக்டர் இந்திராணி தலை பார்க்கும் விதம்

போன மாதம் என் முடி கொட்டுகிறது என்று காட்டுவதற்கு, நான் ஓய்வு பெறும்வரை வேலை செய்த அதே தோல் கிளினிக்குக்கு நோயாளியாகப் போனேன். உள்ளே புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது. தடித்த பேனா மாதிரி ஒன்றை என் உச்சியில் வைத்ததும், பக்கத்தில் இருந்த திரையில் என் தலை தெரிந்தது. யா அல்லாஹ்! ஒவ்வொரு முடியும் கமுக மரத்தின் பருமனில் நிற்கிறது. அடியில் தோல், அதில் குழி குழியாக வேர். அறுபதைத் தாண்டிய என் தலைக்குள் இப்படி ஒரு தோட்டம் இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கே இருந்த தாதிமார் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். "மிஸ், இதெல்லாம் இல்லாம ஒங்க காலத்துல எப்பிடிப் பாத்தீங்க?"

"கண்ணாலதான். பின்ன காதாலயா?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் சொன்னது சரியில்லை என்று பட்டது. கண்ணால் பார்த்தது பாதிதான். மீதியை டொக்டர் இந்திராணி கையால் பார்த்தார். அந்தக் கையைப் பற்றி யாராவது எழுதி வைக்க வேண்டும். பக்கத்தில் நின்றவள் நான், அதனால் நானே எழுதுகிறேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாத்தளை டவுனில் வாப்பாவுக்கு மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் கடை. மகள் தாதியாகப் போகிறேன் என்றதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உம்மா எப்படியோ அவர் மனத்தைக் கரைத்தார். கண்டியில் பயிற்சி. பிறகு ஒப்பரேஷன் வார்ட், பிரசவ வார்ட். கடைசியில் தோல் கிளினிக்கில் போட்டார்கள். "சொறி சிரங்குக்கு மருந்து பூசுற எடம், பௌஸியா. இனி ஒனக்கு நிம்மதிதான்" என்று கூட்டாளிகள் கேலி செய்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

டொக்டர் இந்திராணி சிங்களப் பெண்மணி. ஒல்லியான ஆள், தாழ்ந்த குரல். தமிழில் அவருக்குத் தெரிந்தது மூன்று சொல்தான்: எரியுதா, கடிக்குதா, நோவுதா. அந்த மூன்றை வைத்துக்கொண்டு எல்லாக் காரியத்தையும் ஓட்டிவிடுவார். பகல் சாப்பாட்டு நேரத்தில் என் கறியை எட்டிப் பார்த்து, "பௌஸியா, எரியுதா?" என்பார். உறைப்பா என்று கேட்கிறாராம். மற்றதெல்லாம் சிங்களத்தில் சொல்வார், நான் தமிழில் சொல்வேன்.

அவர் தலை பார்க்கும் விதமே வேறு. எல்லா இடத்திலும் நோயாளியின் கதிரை மேசையோடு ஒட்டி இருக்கும். இவர் ஒரு முக்காலியை எடுத்து ஜன்னலடியில், சுற்றி நடக்க இடம் விட்டுப் போடச் சொன்னார். நோயாளி அதில் உட்கார்ந்ததும் பின்னால் போய் நின்றுகொள்வார். அதற்கு முன் கையைக் கழுவி, இரண்டு உள்ளங்கையையும் சூடு வரும்வரை தேய்ப்பார். "குளிர்ந்த கை பட்டா ஆள் சுருங்கிப் போகும், பௌஸியா. சுருங்கின ஆள் உண்மை சொல்லாது" என்பார்.

பிறகு பேச்சே இல்லை. முதலில் வகிடு. முன்பக்கம் வகிடு எவ்வளவு அகலம், பின்பக்கம் எவ்வளவு என்று பார்ப்பார். அப்புறம் காதுக்கு மேலே ஒரு சின்னக் கொத்தை அடியில் பெருவிரலும் இரண்டு விரலுமாகப் பிடித்து, நுனிவரை மெல்ல இழுப்பார். கையோடு வந்த முடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வேரோடு வந்ததா, இடையில் முறிந்ததா என்று பார்ப்பார். தோலில் செதில் இருக்கிறதா, தழும்பு இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிக்கொண்டே போவார். தலை முடிந்ததும் முன்னால் வருவார். புருவம், கீழ் இமையின் உட்புறம், நாக்கு, கழுத்து, நகம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் முதல் கேள்வி.

நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? டொக்டரிடம் போகிறோம் என்றால் தலை நிறைய எண்ணெய் வைத்து, வழித்துச் சீவி, அத்தர் வேறு போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த எண்ணெய்க்குள் செதிலைத் தேடுவது எப்படி? நான் ஏசப் போனால் டொக்டர் தடுத்துவிடுவார். பஞ்சை எடுத்து அவரே துடைத்துக்கொண்டு பார்ப்பார்.

வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் வீண்வேலையாகத்தான் பட்டது. அந்த எண்ணத்தை மாற்றியது அந்தோனி என்ற திரீவீல் டிரைவர். தோட்டத்து ஆள், கத்தோலிக்கர். முடி கை கையாக வருகிறது என்று ஒரு சொப்பிங் பேக் நிறைய உதிர்ந்த முடியைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். டொக்டர் தலையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். நகத்தில் குறுக்கே ஒரு கோடு பள்ளமாக ஓடியது. "இரண்டு மூன்று மாசத்துக்கு முன்னால படுக்கையில விழுந்தாரா, கேளு" என்றார்.

அந்தோனிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாங்க, டெங்கு வந்து வார்ட்ல கெடந்தேன். செத்துப் பொழச்சேங்க." என் பக்கம் குனிந்து, "மிஸ், இவங்க சாத்திரமும் பாப்பாங்களா?" என்று கேட்டார்.

சாத்திரம் இல்லை. உயிருக்கு ஆபத்து வந்தால் உடம்பு முதலில் முடிக்குப் போகிற செலவை நிறுத்துகிறது. நின்ற முடி உடனே விழாது. சில மாதம் கழித்து, ஆள் சுகமாகி எழுந்து நடமாடும்போதுதான் விழும். விழுகிற முடிக்குக் கீழே புது முடி தள்ளிக்கொண்டு நிற்கும். டொக்டர் மருந்து எதுவும் எழுதாமல், பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அந்தோனிக்கு ஏமாற்றம்தான். ஆனால் பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டு, தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டினார். காடு! எனக்கு உடம்பு சிலிர்த்தது. வந்து போன காய்ச்சல் ஒரு மனிதனின் நகத்திலும் முடியிலும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, அதை வாசிக்க ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து டொக்டர் ஒரு தலையைத் தொட்டால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இனி நஸீஹாவின் கதை.

பல்லேபொலப் பக்கத்திலிருந்து மாமியார் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமியார் பெயர் ரஹீமா. மிளகுத் தோட்டமும் வாய்ச்சாலகமும் உள்ள மனுஷி. நஸீஹாவுக்கு முப்பது வயதிருக்கும். சுவரோடு சாய்ந்துகொண்டு, காலடியைப் பார்த்தபடி இருந்தாள்.

"மிஸ், நீங்களும் எங்கட ஆள்தானே, செல்லுறேன் கேளுங்க" என்று ரஹீமா மாமி தொடங்கினார். "இவ தலய நனச்சிட்டு ஈரத்தோட முக்காட்டக் கட்டுற. அதான் முடியெல்லாம் இப்பிடிப் போயீக்கி. செவ்வரத்தம் எல அரச்சிப் பூசினோம், எண்ணெ காச்சினோம். ஒண்ணும் சரிவரல்ல. நாள் முழுக்கத் தூக்கம். வூட்டு வேல ஒண்ணும் ஏலா. தொழுகையும் நோன்பும் மட்டும் ஒரு நாள் விட மாட்டா, அதுல கொற செல்ல ஏலாது."

"புள்ளைகள் எத்தன?"

"ஒண்ணுதான். பேரன் இஸ்கூல் போறான். அடுத்தது வேணாமின்னு இவ ஒளிச்சி ஊசி போடுறான்னு எனக்குச் சந்தேகம். பேரனுக்கே இவ பால் குடுக்கல்ல மிஸ். நெஞ்சில எரக்கமில்லாத உம்மா. ஊரெல்லாம் தெரியும். மாப்பொடியக் கரச்சி நான்தான் வளத்தேன். மகனுக்கும் பொறும போச்சி. பெருநாள் முடிய இவவ இவட உம்மா வூட்டுக்கு அனுப்புறதா முடிவு. புள்ள எங்களோட ஈக்கும்."

எனக்கு வந்த கோபத்துக்கு, கையிலிருந்த துண்டை மேசையில் அடித்தேன். நஸீஹாவோ, மாமி சொல்வதெல்லாம் சரிதான் என்கிற மாதிரி இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ரஹீமா மாமியை வெளிப்பக்கம் உட்கார வைத்துவிட்டு, திரையை இழுத்து மூடி, நஸீஹாவின் முக்காட்டைக் கழற்றினேன். முடி சோளக்கதிரின் நார் மாதிரி மெலிந்து காய்ந்து கிடந்தது. டொக்டர் கையைத் தேய்த்துக்கொண்டு பின்னால் போய் நின்றார். வகிடு பார்த்தார், கொத்தைப் பிடித்து இழுத்தார். அதிகம் வரவில்லை. செதில் இல்லை, தழும்பு இல்லை, வட்டமாக வழுக்கை விழுந்த இடமும் இல்லை. நெடுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். "தலையில ஒரு நோயும் இல்ல, பௌஸியா. நோய் வேற எங்கயோ இருக்கு" என்றார்.

முன்னால் வந்து முகத்தைப் பார்த்தார். புருவத்தின் வெளி ஓரம் தேய்ந்து போயிருந்தது. முகம் மெழுகுபோல வெளுத்து, வாயைச் சுற்றி மெல்லிய கோடுகள். பிரஷர் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். மெஷின்தான் பழுது என்று நினைத்து மற்றக் கையிலும் பார்த்தேன். அவ்வளவு குறைவு. எழுந்து நிற்க வைத்துப் பார்த்தால் இன்னும் இறங்கியது.

"கையைத் தூக்கச் சொல்லு. அக்குளைப் பாக்கணும்."

சட்டையை விலக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "மழிச்சிருக்கா, மெடம்" என்றேன். எங்கள் பெண்களுக்கு அது மார்க்கம் சொன்ன சுத்தம். நாற்பது நாளைத் தாண்ட விடக்கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லித் தருவார்கள். டொக்டருக்கும் அது தெரியும், எத்தனை முஸ்லிம் பெண்களைப் பார்த்தவர். சரி என்று தலையாட்டிவிட்டு நகத்தைப் பார்க்கக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிர்ந்தார். மறுபடியும் கையைச் சூடாக்கி, விரலின் பின்பக்கத்தால் அந்த இடத்தை மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை தடவினார். அப்புறம் என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். "மழிச்ச இடம் விரலுக்குத் தெரியும். கொஞ்சமாவது சுரசுரக்கும். இது எப்படி இருக்கு?"

கைக்குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது.

"கடைசியா எப்ப எடுத்தாங்க, கேளு."

மாமியார் காதில் விழாமல் நஸீஹாவிடம் குனிந்து கேட்டேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். "எடுக்குற வேலயே இல்ல மிஸ். புள்ள கெடச்சதுக்குப் பொறகு வாறதே இல்ல. மத்த எடத்துலயும் அப்பிடித்தான். அல்லாஹ் எனக்கு லேசாக்கித் தந்தீக்கான்னு நெனச்சேன்."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் டொக்டர் தன் கதிரையை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தார். தலை பார்க்கும்போது அவர் உட்கார்ந்து நான் கண்டதே இல்லை.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. ஒரு நாள் தொழுகை விடுவதில்லை, ஒரு நோன்பு விடுவதில்லை என்று மாமியார் சொன்னாரே! மாதத்தில் சில நாள் தொழுகையும் நோன்பும் எங்கள் பெண்களுக்கு இல்லை. எத்தனை பக்தியான பெண்ணும் அந்த நாட்களில் விடத்தான் வேண்டும். விடாமல் தொழுகிறாள் என்றால்?

"மாசம் வாறதா, நஸீஹா?"

"இல்ல மிஸ். அவன் பொறந்ததோட நிண்டு போச்சி."

டொக்டர் அடுத்தடுத்துக் கேட்டார், நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிரசவத்தில் இரத்தம் போனதா? போனதாம், பாய்ந்து போய் நினைவில்லாமல் கிடந்தாளாம், பை பையாக இரத்தம் ஏற்றினார்களாம். பால்? "ஒரு சொட்டும் வரல்ல மிஸ். எப்பிடியும் வரும்னு அவன நெஞ்சோட வெச்சிட்டே ஈந்தேன். அவன் சப்பிச் சப்பி அழுவான். கடைசில மாமி வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"இப்ப ஏதாவது மருந்து குடிக்கிறாங்களா?"

கைப்பையிலிருந்து ஒரு குளிசை அட்டையை எடுத்து நீட்டினாள். வேறொரு இடத்தில் இரத்தம் பார்த்து, தைரொயிட் குறைவு என்று கொடுத்தார்களாம். சில நாளாகத்தான் குடிக்கிறாள். குடிக்கத் தொடங்கியதிலிருந்து சாப்பிட்டது நிற்காமல் சத்தியும் தலைச்சுற்றும். டொக்டர் அந்த அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்த வேகத்தில் நான் பயந்துவிட்டேன். "இனி ஒண்ணும் குடிக்கக் கூடாது. குடுத்தவர் மேல குற்றமில்ல, தைரொயிட் உண்மையிலேயே குறைவுதான். ஆனா இது உடம்பை ஓடச் சொல்லுற மருந்து. ஓடுறதுக்குத் தேவையான தெம்பு இந்த உடம்பில இல்ல. முதல்ல அதைக் குடுக்கணும். முறை மாறினா உயிர் போகும்."

சொல்லி வாய் மூடவில்லை. முக்காட்டைக் கட்ட எழுந்த நஸீஹா அப்படியே மடிந்து விழுந்தாள். டொக்டர் தாங்கிப் பிடித்தார். இரத்தத்தில் சீனி பார்த்தால் அதுவும் அடியில் கிடந்தது. திரைக்கு வெளியே ரஹீமா மாமி, "அல்லாஹ்வே, என்ன நடந்திச்சி?" என்று கத்தினார்.

"பரிசோதனைக்கு முதல்ல இரத்தம் எடு. எடுத்ததும் ஊசி போடு" என்றார் டொக்டர். அந்த இரத்தம் கண்டிக்குப் போய் முடிவு வர நாளாகும். "முடிவு வராம போடலாமா, மெடம்?" என்று கேட்டேன். "நான் பிழைன்னா, ஒரு ஊசியால கெடுதி இல்ல. நான் சரியா இருந்து, காத்துக்கிட்டு இருந்தா அந்தப் பையனுக்கு உம்மா இல்ல."

நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் எல்லாம் படுத்துவிட்டன. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கால் பாதத்தில் ஏற்றினேன். இரத்தம் எடுத்து, தெம்பு கொடுக்கும் ஸ்டெரொயிட் ஊசி போட்டு, சேலைனும் குளுக்கோசும் போட்டுத் தள்ளுவண்டியில் மெடிக்கல் வார்டுக்கு அனுப்பினோம். டொக்டர் கிளினிக்கை நிறுத்திவிட்டு வண்டியோடு கூடவே நடந்தார்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் முன் வார்டுக்குப் போனேன். கட்டிலில் இருக்கிறாளா, இல்லையா என்ற பயம். நஸீஹா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் வெளிச்சம் இருந்தது. முந்தின நாள் பார்த்த ஆளே இல்லை.

"மிஸ், பசிக்கிது" என்றாள். சொல்லிவிட்டு அவளே ஆச்சரியப்பட்டாள். "பசின்னா எப்பிடி ஈக்கும்னே மறந்து போயீந்திச்சி."

சுப்ஹானல்லாஹ் என்று வார்டே திரும்பிப் பார்க்கச் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அன்று முழுதும் எனக்கு வேலை ஓடவில்லை. மூளைக்கு அடியில் கடலை அளவு ஒரு சுரப்பி. பிள்ளை பிறந்த அன்று இரத்தம் கொட்டியபோது அது பட்டினி கிடந்து கருகிவிட்டது. அது உத்தரவு கொடுத்தால்தான் பால், அது கொடுத்தால்தான் மாதவிலக்கு, பசி, தெம்பு, முடி, எல்லாம். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் அணைந்துகொண்டு வந்திருக்கிறது. அதைத் தோலில் எழுதியும் காட்டியிருக்கிறது. நாங்கள் அதைச் சுத்தம் என்றும் பக்தி என்றும் வாசித்தோம். படைத்தவனையும் நினைத்தேன், அந்த ஒரு விரலையும் நினைத்தேன். இரண்டுக்கும் முன்னால் நான் சின்னப் பிள்ளையாகிப் போனேன்.

கண்டியிலிருந்து முடிவு வந்தது. டொக்டர் நினைத்ததுதான். வாழ்நாள் முழுதும் குளிசை குடிக்க வேண்டும், ஆனால் குடித்தால் எல்லோரையும்போல் வாழலாம். பகல் சாப்பாட்டு நேரத்தில் டொக்டர் ரஹீமா மாமியைக் கட்டிலடிக்குக் கூப்பிட்டு விளக்கினார், நான் தமிழில் சொன்னேன்.

மாமி முகத்தில் அசைவே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "வெளங்குது. மொளகுக் கொடில வேர் செத்தா எல பழுக்கும். நாங்க எலக்கி மருந்தடிச்சீக்கோம்" என்றார். பிறகு அவரே கேட்டார். "அப்ப, பால்?"

"பால் ஊறுறதுக்கு உத்தரவு அங்கயிருந்துதான் வரணும். அது வரவே இல்ல. பிள்ளையை எவ்வளவு நேரம் நெஞ்சில வச்சிருந்தாலும் வந்திருக்காது" என்றார் டொக்டர். இதைத் தமிழில் சொல்லும்போது என் குரல் டொக்டரின் குரலைவிடக் கொஞ்சம் உறைப்பாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.

கட்டிலில் இருந்த நஸீஹா சோற்றுத் தட்டை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். "அப்ப நான் வேணுமின்னு செய்யல்லதானே, மிஸ்? எல்லாரும் செல்லிச் செல்லி, எனக்கு எரக்கமில்லாததாலதான் பால் வரல்லன்னு நானும் நெனச்சிட்டு ஈந்தேன்."

டொக்டருக்கு மொழி புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. அவளிடம் குனிந்து தன் தமிழில் கேட்டார். "நோவுதா?" நஸீஹா ஆமென்று தலையாட்டி அழுதாள்.

ரஹீமா மாமி அவளைத் தொடவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. விறுவிறுவென்று வெளியே போனார். ஓடிவிட்டாளே மனுஷி என்று நினைத்தேன். வராந்தாவில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று போனை எடுத்தார். அவருக்குப் போனில் மெல்லப் பேசவும் தெரியாது. முதலில் மூத்த சகோதரிக்கு எடுத்தார்.

"தாத்தா, கேக்குதா? நான் ரஹீமா. நம்மட நஸீஹாட கத செல்லத்தான் எடுத்தேன். அவக்கு பால் வராம ஈந்தது நோயாம். ரெத்தம் போனதால வந்த நோய். அவட குத்தம் ஒண்ணுமில்ல. நான் ஒங்களுக்குச் செல்லின கத பொய். ஆமா, பொய்னுதான் செல்லுறேன். எங்கயும் அனுப்ப மாட்டோம், அவ எங்கட வூட்டுக்குத்தான் வாறா. வெக்கிறேன், இன்னும் ஆள்களுக்கு எடுக்கணும்."

வைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு எடுத்தார். அதே கதை, அதே சத்தம். அதற்கடுத்து மச்சினிக்கு. மற்றக் கட்டில்காரர்களும் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நஸீஹா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோற்றில் கை வைத்தபடி ஒவ்வொரு பெயராகக் கேட்டாள். மாமி போனைப் பைக்குள் வைக்கப் போகும் நேரம், வந்த நாளிலிருந்து குரல் உயர்த்தாத அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"மாமி! உக்குவளைல ஈக்கிற சாச்சிக்கும் எடுங்க. அவங்கதான் ஊரெல்லாம் கூடுதலாச் செல்லினது."